முப்பதைக் கடந்த முகத்திலும் பரு

அரபு மொழியில் முகப்பருவுக்கு 'ஹப்புஷ் ஷபாப்' என்று பெயர். 'ஹப்பு' என்பது தானிய மணி; 'ஷபாப்' என்பது இளமை. இளமையின் மணிகள் என்று தமிழில் பெயர்க்கலாம். உயிர்க்குறி இடப்படாத அச்சில் இத்தொடரைக் காணும் தொடக்க மாணவன் முதலெழுத்துக்கு உகர ஒலி கொடுத்து 'ஹுப்புஷ் ஷபாப்' என்று ஓதிவிடுவான். அப்போது பொருள் 'இளமைக் காதல்' என்றாகி, வகுப்பறையில் சிரிப்பொலி எழும். ஆண்டுதோறும் நாம் கேட்டுப் பழகிய சிரிப்பு அது.

மேலை நாட்டு மருத்துவர் இதனை 'ஆக்னே' என்பர். அச்சொல்லின் பிறப்பும் சுவையானதே. முனை, உச்சி என்று பொருள்படும் 'ஆக்மே' என்னும் கிரேக்கச் சொல்லை, ஆறாம் நூற்றாண்டு மருத்துவர் ஏட்டியஸ் என்பாரின் நூலைப் படியெடுத்தவர் ஓர் எழுத்து மாற்றி எழுதிவிட, அந்தப் பிழையே நிலைத்துப் பெயராயிற்று என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. ஏடெழுதுவோர் பிழை நம் தமிழ்ச் சுவடிகளுக்கு மட்டும் உரிய சொத்தன்று என்று அறிய நமக்கு ஓர் ஆறுதல்! 1037 ஆம் ஆண்டில் மறைந்த இப்னு சீனா, தம் 'அல்கானூன்' நூலில் மூக்கிலும் முகத்திலும் பால் துளி போல் தோன்றும் வெண்பருக்களைக் குறித்து எழுதி, அவற்றுக்குப் 'பால் நிறப் பருக்கள்' என்றே பெயர் தந்தார். அவர் தந்த பெயரில் இளமை என்னும் சொல் இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

ஏனெனில், பெயரில் இளமை ஒட்டிக்கொண்டதால் விளைந்த தீங்கு சிறிதன்று. பதினாறு வயதில் வந்தால் 'வயசுக் கோளாறு, தானே போய்விடும்' என்கின்றோம். அதே பரு முப்பது வயதில் வந்தால், வரக்கூடாத ஒன்று வந்துவிட்டதாக எண்ணுகின்றோம். 'முகத்தைக் கழுவுவதில்லை போலும்', 'கண்டதையும் தின்கிறாள் போலும்', 'உள்ளே ஏதோ நோய் இருக்கும்' என்று ஆளுக்கொரு காரணம் சொல்கின்றோம். 25 வயதுக்குப் பிறகு இருக்கும் பருவை மருத்துவர் முதிர்பருவப் பரு என்று தனியே பிரித்துப் பேசுகின்றனர். சிலருக்கு இளமையில் தொடங்கியது விடாமல் தொடர்கின்றது. சிலருக்கு 25 கடந்த பின்னரே முதன்முதலாக முளைக்கின்றது. ஆண்களினும் பெண்களுக்கே இது மிகுதி. நெற்றியை விடத் தாடையோரத்திலும் மோவாயிலும் மிகுதியாகத் தோன்றி, மாதவிலக்குக்குச் சில நாள் முன்பு பெருகுவதும் உண்டு.

பரு எவ்வாறு உண்டாகின்றது என்பதைச் சற்றே விளங்கிக் கொண்டால் மருந்தைத் தேர்வதில் பாதி வழி கடந்தவராவோம். தோலில் மயிர் முளைக்கும் ஒவ்வொரு குழியோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இணைந்திருக்கின்றது. அச்சுரப்பியை ஆட்டி வைப்பவை ஆண்ட்ரோஜன் என்னும் இயக்குநீர்கள். இவை பெண்ணுடலிலும் உண்டு. எண்ணெய் மிகுந்து, குழியின் வாயில் உதிர வேண்டிய தோற்செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டால் வாய் அடைபடும். அடைபட்ட குழிக்குள், எப்போதும் நம் தோலில் குடியிருக்கும் ஒரு நுண்கிருமி பெருகும். உடல் அதனை எதிர்க்கும். சிவப்பு, வீக்கம், சீழ் எல்லாம் அந்தப் போரின் அடையாளங்கள். கரும்புள்ளியின் கருமை அழுக்கன்று. தோலின் நிறமியும் காற்றுப்பட்ட எண்ணெயும் சேர்ந்து காட்டும் நிறமே அது. எனவே தேய்த்துக் கழுவினால் போகாது. நாள்தோறும் ஐவேளையும் ஒளுச் செய்து முகம் கழுவும் நம் பெண்மக்களைப் பார்த்து 'சுத்தமில்லை' என்று சொல்வது எத்துணை அறியாமை! வெறுந்தண்ணீரால் முகம் கழுவுவதில் தோலுக்குக் கேடில்லை. ஒவ்வொரு முறையும் சோப்பும் நாரும் கொண்டு தேய்ப்பதிலேதான் கேடு. மென்மையான கழுவுநீர்மம் நாளைக்கு இரு முறை போதும்.

இனி மருந்துக் கடைக்குச் செல்வோம். நாம் இக்கட்டுரையை எழுத நேர்ந்ததே அக்கடையினால்தான்.

நம் தங்கையின் மகள் ஒரு கல்லூரியில் ஆசிரியை. அப்போது வயது 31. தாடையோரம் முழுதும் பருக்கள். பெண் பார்த்துச் சென்ற வீட்டாரிடமிருந்து, 'முகம் தெளியட்டும், பிறகு தேதி குறிக்கலாம்' என்று ஒரு சொல் வந்தது. ஒரு சொல்தான், ஆனால் அன்றிரவு தங்கை வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை. மறுநாள் அந்தத் தாய் கடைக்குச் சென்று கேட்க, கடைக்காரர் ஒரு டியூப் எடுத்துக் கொடுத்தார். பத்தே நாளில் முகம் பளிச்சென்றாயிற்று. நிச்சயமும் நடந்தது. நான்கு மாதம் கழித்து அப்பெண் நம் வீட்டுக்கு வந்தபோது கன்னங்கள் தீயில் காட்டியவை போலச் சிவந்திருந்தன, மெல்லிய நரம்புகள் வெளியே தெரிந்தன, பூனைமயிர் அடர்ந்திருந்தது, பருக்கள் முன்னிலும் மிகுந்திருந்தன. 'வெயிலில் நின்றால் எரியுது மாமா. ஒரு நாள் தடவலேன்னா அதைவிட எரியுது' என்றாள்.

டியூபை வாங்கிப் படித்தோம். பொடியெழுத்தைப் படிப்பது நம் தொழில் அன்றோ! பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, அவற்றோடு குளோபெட்டசால் என்னும் மிக வலிய ஸ்டீராய்டு. இது முகத்துக்கு உரிய மருந்தே அன்று. ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் உடனே அடக்கிவிடும். அதனால்தான் பத்து நாளில் அதிசயம் நிகழ்கின்றது. பின்னர்த் தோல் மெலியும்; ஸ்டீராய்டே புதிய பருக்களை எழுப்பும்; நிறுத்தினால் முகம் கொதிக்கும்; கொதிப்பை அடக்க மீண்டும் அதையே தடவ வேண்டியதாகும். இந்த முகங்களை ஓயாமல் கண்ட இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்று தனிப்பெயரே வைத்துவிட்டனர். நடுவணரசு 2018 ஆம் ஆண்டில் இத்தகைய 14 ஸ்டீராய்டுகளை எச் அட்டவணைக்குள் கொணர்ந்து, மருத்துவர் சீட்டின்றி இக்களிம்புகளை விற்கலாகாது என ஆணையிட்டது. ஆணை ஏட்டில் இருக்கின்றது. டியூப் கடையின் முன்தட்டில் இருக்கின்றது. கடைக்காரரிடம் கேட்டோம். 'ஹஜ்ரத், எல்லாரும் வாங்குறதுதான். கல்யாணம் கிட்டத்துல இருந்தா இதைவிட நல்ல மாத்திரை ஒண்ணு இருக்கு' என்று ஓர் அட்டையை நீட்டினார். பெயர் ஐசோட்ரெட்டினாயின்.

அந்த அட்டையையும் அதன் விளக்கத் தாளையும் வாங்கிக்கொண்டு, மருமகளையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு தோல் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் ஓர் அம்மையார். அட்டையைக் கண்டதும் அவர் கேட்ட முதற் கேள்வி, 'இதில் ஒன்றாவது விழுங்கினாயா அம்மா?' என்பதுதான். இல்லை என்ற பிறகே அமர்ந்தார்.

ஐசோட்ரெட்டினாயின் தீய மருந்தன்று. வைட்டமின் ஏ வழிவந்த அம்மருந்து அமெரிக்காவில் 1982 ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்றது. தழும்பு விழுமளவு கடுமையாகும் பருவுக்கு அதற்கு நிகராகப் பிறிதொன்று இன்றளவும் இல்லை எனலாம். எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். பல மாதங்கள் உண்டு முடித்தபின் பலருக்குப் பரு மீள்வதே இல்லை. ஆயின் அதனை உண்ணும் காலத்தில் பெண் கருவுற்றால் குழந்தையின் செவி, முகம், இதயம், மூளை ஆகியவை ஊனமுறக்கூடும். எனவே தொடங்குமுன் கருச்சோதனை வேண்டும். உண்ணும் காலம் முழுதும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கருவுறாதிருக்க வேண்டும். மூன்று மாதத்தில் நிக்காஹ் வைத்திருக்கும் பெண்ணுக்குக் கல்யாண மாத்திரை என்று ஒரு கடைக்காரர் இதனை எடுத்து நீட்டுகின்றார்! திருமணமான முதலாண்டிலேயே 'விசேஷம் உண்டா?' என்று கேட்கத் தொடங்கும் நம் வீடுகளில் இதன் பொருள் என்னவென்று வாசகரே எண்ணிப் பார்க்கட்டும்.

மருத்துவ அம்மையார் அடுத்துச் செய்தது நமக்குப் புதுமையாக இருந்தது. எங்கள் இருவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பெண்ணிடம் தனியே பேசினார். மாதவிலக்கு ஒழுங்கில்லை என்பதைத் தாய் முன்னிலும் தாய்மாமன் முன்னிலும் அவள் எப்படிச் சொல்வாள்? முதிர்பருவப் பருவோடு விலக்கு தவறுவதும், முகத்தில் முடி வளர்வதும், எடை கூடுவதும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டி நிலை உண்டா என்று பார்க்க வேண்டும். அவளுக்கு அது இருந்தது. அந்நிலையில் முகத்துக்கு மட்டும் மருந்து தடவுவது போதாது. இத்தகைய பெண்களுக்கு ஸ்பைரனோலாக்டோன் என்னும் மாத்திரை தருவதுண்டு. முதலில் இரத்த அழுத்தத்துக்கும் நீர்க்கோவைக்கும் தந்த மருந்து அது. ஆண்ட்ரோஜனின் செயலைத் தடுப்பதால் பருவுக்கும் பயன்படுகின்றது. இங்கிலாந்தில் 410 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2023 இல் வெளிவந்து, அதன் பயனை உறுதி செய்தது. கருத்தடை மாத்திரைகளாலும் சிலருக்கு நலம் உண்டு. ஆனால் பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்ணுக்கு இவ்விரண்டும் பொருந்தா.

'அப்படியானால் எதுதான் பொருந்தும்?' என்று கேட்டோம். மருத்துவர் தேர்ந்தது அசிலாயிக் அமிலம் என்னும் களிம்பை. 15 விழுக்காட்டிலும் 20 விழுக்காட்டிலும் கிடைக்கின்றது. தானியங்களில் இயற்கையாகவே உள்ள அமிலம். பருவைக் குறைப்பதோடு, பரு ஆறியபின் நம் போன்ற மாநிறத்தாருக்கு மாதக்கணக்கில் தங்கும் கருந்தழும்பையும் மங்கச் செய்யும். கருவுற்றிருக்கும் காலத்திலும் மருத்துவர்கள் அஞ்சாமல் தரும் சிலவற்றுள் ஒன்று. முதற்சில நாள் சற்றே அரிக்கும். ஸ்டீராய்டை உடனே வெட்டிவிடாமல், வலிமை குறைந்ததற்கு மாற்றிச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார்.

மருமகளுக்கு உதவாதவை பிறருக்கு உதவும் என்பதால் ஏனைய மருந்துகளையும் சொல்ல வேண்டும். இரவில் தடவும் அடாபலீன் ஜெல், குழியின் வாய் அடைபடாமல் காக்கும். முதிர்பருவப் பருவுக்கு அடித்தளமான மருந்து இதுவே. பட்டாணி அளவு எடுத்து, நன்கு உலர்ந்த முகம் முழுதும் மெல்லப் பூச வேண்டும். பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது பயனில்லை. முதல் இரண்டு மூன்று வாரம் தோல் உரியும், எரியும். சிலருக்குப் பரு கூடியது போலவும் தோன்றும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் டியூபை எறிந்துவிடுகின்றனர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தடவி, மேலே ஈரப்பதக் களிம்பு பூசிக்கொண்டால் தாங்கலாம். கருவுற்றோரும் கருவுற விழைவோரும் இதனைத் தவிர்க்க வேண்டும். கிருமியைக் கொல்வதற்குப் பென்சாயில் பெராக்சைடு உண்டு. 10 விழுக்காடு வாங்கினால் நான்கு மடங்கு பயன் என்று எண்ணற்க, 2.5 விழுக்காடே ஏறத்தாழ அதே பயனைத் தருகின்றது, எரிச்சலோ குறைவு. ஆனால் துணியை வெளுத்துவிடும். தலையணை உறையும் கறுப்புப் புர்காவின் ஓரமும் இதற்குச் சாட்சி சொல்லும். கிளிண்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லிக் களிம்பைத் தனியே மாதக்கணக்கில் தடவினால் கிருமி அதற்குப் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும். டாக்சிசைக்கிளின் மாத்திரையும் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நீளலாகாது. கரும்புள்ளி மட்டும் உள்ளவருக்குச் சாலிசிலிக் அமிலம் 2 விழுக்காடு வரை போதுமானது.

எதைத் தேர்ந்தாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். மூன்று நாளில் பலன், ஒரு வாரத்தில் பலன் என்று கைப்பேசிக் காணொளியில் எவரேனும் சொன்னால், ஒன்று அவர் பொய்யர். அன்றேல் அவர் விற்பதில் ஸ்டீராய்டு இருக்கின்றது. பகலில் 30 எண்ணுக்குக் குறையாத வெயில்காப்புக் களிம்பு பூசாவிடில் கருந்தழும்பு மறைய ஆண்டாகும். எண்ணெய்ப் பசையில்லாத ஜெல் வகையைக் கேட்டு வாங்குதல் நலம். கடையில் பத்துப் புட்டிகளை அடுக்கி ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் அழகுப் பொருள்களுக்கு இங்கு வேலையில்லை. மருந்து ஒன்று, கழுவ ஒன்று, ஈரம் காக்க ஒன்று, வெயிலுக்கு ஒன்று. ஐந்தாவது புட்டி கடைக்காரருக்கே நன்மை.

வீட்டு வைத்தியத்தைப் பழித்தால் நம் வீட்டு மூத்த பெண்டிர் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். பயற்றமாவு போட்டு மெல்லக் கழுவுவதால் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. ஆனால் எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் சென்றால் தோல் கன்றிக் கருகும், பற்பசை எரிக்கும், கரகரப்பான பொடி கொண்டு தேய்த்தால் பரு உடைந்து தழும்பாகும். தேங்காயெண்ணெய் தலைக்கு நன்று. அது நெற்றியில் வழிந்து முக்காட்டுக்குள் வியர்வையோடு கலந்து நாள் முழுதும் ஊறினால் அங்கே பரு எழும். உணவைப் பொறுத்தவரை, எண்ணெய்ப் பலகாரத்தின் மீது நாம் சுமத்திய பழி பெரிது, சான்று சிறிது. சர்க்கரையும் மைதாவும் போல் இரத்தச் சர்க்கரையை விரைந்து ஏற்றும் உணவைக் குறைத்தால் பரு குறைகின்றது என்று ஆஸ்திரேலியாவில் 2007 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. பாலோடும் தொடர்பு இருக்கக்கூடும் என்பர். உடற்பயிற்சிக்கூடம் செல்லும் இளைஞர் சிலர் வே புரதப் பொடி கலக்கிக் குடித்துவிட்டு முதுகெல்லாம் பருவோடு வருகின்றனர். பொடியை நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம்.

மருமகள் கதைக்கு வருவோம். நிக்காஹ் நாளுக்குள் முகம் முற்றும் தெளியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். 'முந்தின வாரம் பார்லரில் ஏதாவது செய்து மறைத்துவிடலாம்' என்று தங்கை அழுதாள். அதற்கு நாம் இசையவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு நேரே சென்று, மாப்பிள்ளையின் தந்தையிடம், பெண்ணின் முகம் நாள் குறித்தபடி ஆறாது, வேண்டுமானால் நாளைத் தள்ளி வைக்கலாம் என்று சொன்னோம். சினைப்பை நிலையையும், பெண்ணின் இசைவைப் பெற்றுக்கொண்டு, மறைக்காமல் சொன்னோம். பெரியவர் திகைத்துப் போனார். அந்தச் 'சொல்' தம் வீட்டிலிருந்து புறப்பட்டதே அவருக்குத் தெரியாது. உறவுக்காரப் பெண்மணி ஒருவர் தாமாகச் சொல்லியனுப்பியது. 'ஹஜ்ரத், நாளைத் தள்ள வேண்டாம். மருந்துச் செலவு இனிமேல் எங்களைச் சேர்ந்தது' என்றார். நிக்காஹ் அன்று அவள் தாடையில் ஐந்தாறு பருக்கள் இருந்தன. சிவப்பு அடங்க ஏழு மாதமாயிற்று. இப்போதும் மாதத்தில் ஒன்றிரண்டு எழத்தான் செய்கின்றன. களிம்பை அவள் விடவில்லை.

இறுதியாக, நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் இரு கேள்விகள். களிம்பு தடவிய முகத்தில் ஒளு நிறைவேறுமா என்பது ஒன்று. நீர் தோலைச் சேராமல் தடுக்கும் படலமாக நின்றால்தான் அகற்ற வேண்டும்; தோலில் உறிஞ்சப்பட்டுவிடும் ஜெல்லும் களிம்பும் அவ்வாறு நிற்பதில்லை. ஆயினும் மருந்து தங்கிச் செயற்பட வேண்டுமாதலால், இஷாத் தொழுகை முடிந்து முகம் உலர்ந்த பின் தடவிப் படுத்தல் தோலுக்கும் தொழுகைக்கும் எளிது. நோன்பு வைத்துக்கொண்டு களிம்பு தடவலாமா என்பது மற்றொன்று. தோல் வழியே உட்செல்லும் களிம்பு நோன்பை முறிக்காது என்று ஜித்தாவில் 1997 இல் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்துள்ளது. மாத்திரை உண்போர் ரமளான் வருமுன்னரே மருத்துவரிடம் நேரத்தை மாற்றிக் கேட்டுக்கொள்ளட்டும். டாக்சிசைக்கிளின் உண்போர் ஸஹருக்கு எழுந்து அவசரமாக ஒரு மிடறு நீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்துவிட வேண்டாம். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். ஒரு குவளை நீர் நிறையக் குடித்து, சுப்ஹு தொழும் வரை அமர்ந்திருக்கட்டும்.